நாணின் நாட்காட்டி

பெருங்களத்தூரில் நான் போகும் ஜிம் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே லோடுமேன்கள் சிமென்ட் மூட்டையை இறக்கும்போது மேலே தரை லேசாக அதிரும். ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை முழுக்கத் திருப்பி வைத்திருப்பார்கள். ஜனவரி முதல் வாரத்தில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்குள் உடம்பைத் தேற்றிவிட வேண்டும் என்று பாதிப் பேர் வந்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு திருநெல்வேலிப் பையன். மறைமலை நகரில் வேலை, பழைய பெருங்களத்தூரில் மூன்று பேரோடு வாடகை வீடு. அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “அண்ணே, ஆறு வாரத்துக்கு முன்னால ஸ்குவாட் 40 கிலோ. இன்னைக்கு 60. இதே வேகத்துல போனா அடுத்த தீபாவளிக்கு 200 தூக்கிருவேன்ல?” கணக்கில் பிழையே இல்லை. ஆறு வாரத்துக்கு 20 கிலோ என்றால் நாற்பத்திரண்டு வாரத்துக்கு 140.

நான் அவனிடம் மூன்று எண்களைச் சொன்னேன். 328, 329, 317.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்) 149, க்ளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் மார்புக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, ஆக 328 கிலோ தூக்கினார். அப்போது அவருக்கு 22 வயது. இரண்டு வருடம் கழித்து ரியோ ஒலிம்பிக்கில் 148, 181: மொத்தம் 329. அதற்கும் இரண்டு வருடம் கழித்து, 2018இல், கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 144, 173: மொத்தம் 317.

முதல் இரண்டு எண்களுக்கும் இடையே இரண்டு வருடம். நாட்டின் முதல்தரப் பயிற்சி முகாம், சாப்பாடு, பயிற்சியாளர், ஒலிம்பிக் கனவு. கூடியது ஒரு கிலோ. மளிகைக் கடையில் துவரம் பருப்பு வாங்கும் அளவு.

சதீஷின் கதை வேலூரில் தெரிந்த கதைதான். அப்பா சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர், தேசிய அளவில் பளு தூக்கியவர். ஓய்வுக்குப் பிறகு வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாவலராக வேலை பார்த்தார். மகன் கிளாஸ்கோவில் தூக்கிய 149 கிலோ ஸ்னாட்ச், காமன்வெல்த் போட்டிகளின் சாதனையாகவே பதிவானது. 2015இல் அர்ஜுனா விருது. அதன் பிறகு நடந்ததுதான் இங்கே முக்கியம். கோல்டு கோஸ்டுக்கு முன் தேசியப் போட்டியில் க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 194 கிலோவுக்கு முயன்றபோது அவருடைய முன்தொடைத் தசையில் காயம் பட்டது. ரியோவில் அவர் தூக்கியதைவிட 13 கிலோ அதிகமான முயற்சி அது. பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்றும், முழு உடல்தகுதி இல்லாமல்தான் மேடை ஏறினேன் என்றும் வென்ற பிறகு அவரே சொன்னார். அந்தக் காலோடு 317 தூக்கி, இரண்டாவது முறையாகத் தங்கம் வாங்கினார். கிளாஸ்கோவில் அவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கிய இந்தியர் ரவி கட்டுலு தூக்கியதும் அதே 317தான். 2014இல் வெள்ளிக்கு உரிய எடை 2018இல் தங்கமாயிற்று. அந்த மேடையில் தன்னால் எவ்வளவு முடியும் என்று பார்க்காமல், வெல்ல எவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டுத் தூக்கியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. நீண்ட காலம் நிலைக்கும் பளுதூக்கும் வீரர்கள் எல்லாரிடமும் இந்தக் கணக்கு இருக்கிறது.

பையனுடைய 20 கிலோவுக்கு வருவோம். அவன் தொடை அந்த ஆறு வாரத்தில் பெரிதாகப் பருத்துவிடவில்லை. புதிதாகப் பளு தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் கூடுவது பெரும்பாலும் நரம்பின் திறமை. தசையில் ஏற்கெனவே இருக்கும் இழைகளில் எத்தனையை ஒரே நொடியில் வேலைக்கு அழைப்பது, எதிர்த்து இழுக்கும் தசையை எப்படிச் சும்மா இருக்கச் சொல்வது என்பதை மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்கின்றன. சைக்கிள் பழகுவதுபோல. இந்தப் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்து தசை பருக்கத் தொடங்கும். கடினமான ஒரு பயிற்சிக்குப் பிறகு ஒன்று, இரண்டு நாள் வரைக்கும் தசையில் புரதம் கட்டும் வேலை கூடுதல் வேகத்தில் நடக்கும். தூக்கு, தின்னு, தூங்கு என்று இரண்டு மூன்று மாதம் ஓட்டினால் சட்டைக் கை இறுகும்.

இந்தத் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுதான் தசைநாண். குதிகாலுக்கு மேலே தடவினால் தட்டுப்படுமே, அது ஒன்று. முழங்கால் சில்லுக்குக் கீழே விரலை வைத்தால் இன்னொன்று. பெயர் வைத்தவர் யாரோ அழகாக வைத்திருக்கிறார். வில்லின் நாணைப் போலவே இதுவும் இழுபட்டு விசையைக் கடத்துகிறது. தசையைப்போல ரத்தம் பாயும் இடமில்லை இது. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். நடுநடுவே கொஞ்சம் செல்கள்.

எவ்வளவு மெதுவாக இது புதுப்பிக்கப்படுகிறது என்பதை அணுகுண்டு சொன்னது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததில் காற்றில் கார்பன்-14இன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அத்தகைய சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. செடி வழியாகவும் சாப்பாட்டு வழியாகவும் இந்தக் கார்பன் எல்லார் உடம்பிலும் ஏறியிருக்கிறது. ஆக ஒரு திசுவில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால், அந்தத் திசு எந்த வருடம் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் மையப் பகுதியை இப்படி அளந்தார்கள். பக்கத்துத் தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. நாணின் மையமோ, அந்த மனிதர் 17 வயதை எட்டும் வரைக்கும் என்ன கட்டினாரோ அதுவே. ஐம்பது, அறுபது வயதிலும் அதே பள்ளிக்கூடத்துக் கயிறு.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 17 வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டியூஷன் போய்க்கொண்டிருந்தேன்.

கயிற்றின் தாங்கும் அளவு எவ்வளவு என்பதற்கும் ஒரு தற்செயலான சாட்சி உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஒரு பளுதூக்கும் போட்டியை இயக்கவியல் ஆய்வுக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீரர் 175 கிலோவை மார்புக்கு ஏற்றி, ஜெர்க்குக்காக முழங்காலை மடக்கிய கணத்தில் சில்லுக்குக் கீழிருந்த நாண் அறுந்தது. படச்சுருளை வைத்துக் கணக்குப் போட்டபோது, அந்த நொடியில் நாண் மீது இருந்த இழுவிசை அவருடைய உடல் எடையைப்போல 17 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. 1977இல் அந்த ஆய்வு வெளிவந்தது. படிக்கிறவர்களில் பாதிப் பேர் ‘ஐயோ’ என்பார்கள். எனக்கோ, 16 மடங்குவரை அறாமல் நின்றதுதான் அதிசயமாக இருக்கிறது.

ஆனால் பளுதூக்கும் களத்தில் இப்படி அறுவது அபூர்வம். அமெரிக்க ஒலிம்பிக் பயிற்சி மையத்து வீரர்களின் ஆறு வருடக் காயப் பதிவேட்டை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. 1000 மணி நேரப் பயிற்சிக்கு மூன்று சொச்சம் காயங்கள். முதுகு, முழங்கால், தோள் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பெரும்பாலானவை ஒரு நாள் ஓய்வோடு போய்விட்ட சுளுக்கும் நாண்வலியும். ஆபத்து அங்கேதான். ஒரு நாளில் வலி போய்விடுகிறது. அதற்குக் காரணமான தேய்மானம் போவதில்லை. வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணீரை வாளி வைத்துச் சமாளிப்பதுபோல வருடக்கணக்கில் ஓட்டலாம்.

எப்படிப் பயிற்சி செய்வது என்பதில் பளுதூக்கும் உலகம் அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டு வருகிறது. ஒரு பக்கம் பல்கேரியாவின் இவான் அபாஜியேவ். அவர் முறையில் தினமும், ஒரே நாளில் பல தடவை, அன்றைக்கு முடிந்த அதிகபட்ச எடை. ஸ்னாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க், ஸ்குவாட். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. நயிம் சுலைமானோக்லு அந்தப் பட்டறையில் உருவானவர். பிறகு துருக்கிக்குப் போய் 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். மறுபக்கம் சோவியத் ஒன்றியத்தின் பிரிலேபின். அவர் முதல்தர வீரர்கள் ஏராளமானோரின் பயிற்சிக் குறிப்புகளைத் திரட்டி ஒரு அட்டவணை போட்டார். உச்ச எடையில் 80 முதல் 90 சதவீதம் தூக்கும் நாளில் மொத்தம் 10 முதல் 20 ரெப், உகந்தது 15. ஒரு செட்டில் இரண்டு முதல் நான்கு. 90 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். உலகமெங்கும் பயிற்சியாளர்களின் சுவரில் இன்றும் இது ஒட்டப்பட்டிருக்கிறது.

அபாஜியேவின் வெற்றிகளை மறுக்க முடியாது. ஆனால் முறத்தில் நின்ற நெல்லை மட்டும் பார்த்துவிட்டு, புடைத்ததில் பறந்ததை எண்ணாமல் விடுவது என்ன கணக்கு? அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் சாம்பியன் ஆனார்கள். தாங்காதவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இரண்டு பல்கேரியர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்க, மொத்த அணியும் போட்டியிலிருந்து விலகியது. 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளைப் பிற்பாடு மறுசோதனை செய்தபோது பளுதூக்கலில் மட்டும் டஜன் கணக்கில் வீரர்கள் அகப்பட்டார்கள். நம் நாடும் சுத்தம் இல்லை; 2004 ஏதென்ஸில் இரண்டு இந்திய வீராங்கனைகள் சிக்கினார்கள். ஸ்டீராய்டு தசையைச் சீக்கிரம் வளர்க்கும், நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நான்கு சக்கர வண்டியின் இன்ஜினை ஆட்டோவில் பொருத்தினால் எது முதலில் போகும்?

வயது பற்றி ஒரு வேடிக்கையான உண்மை. பளுதூக்கலில் உலகத்தர வீரர்கள் உச்சத்தைத் தொடுவது சராசரியாக 26 வயது வாக்கில். பவர்லிஃப்டிங்கிலோ முப்பதுகளின் நடுவில். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று அங்கேயும் இரும்புதான், எடை இன்னும் அதிகம்கூட. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. டெட்லிஃப்டைச் சில நொடிகள் எடுத்துக்கொண்டு முக்கி முனகி ஏற்றலாம். ஸ்னாட்ச்சில் பார் இடுப்பருகே வரும்போது கொடுக்கும் அந்தக் கடைசி உதறல் கண்மூடித் திறக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். வயதாகும்போது முதலில் குறைவது இந்த வெடிப்பு. வெறும் பலம் ரொம்ப நாள் கூடவே இருக்கும். நம் ஊர் வயதான லோடுமேன் இளைஞனுக்குச் சமமாக மூட்டை சுமப்பார், ஆனால் ஓடும் பஸ்ஸில் தாவி ஏற மாட்டார்.

இருந்தும் சிலர் இந்த 26 என்ற கோட்டை மதிக்கவே இல்லை. அமெரிக்காவின் நார்பர்ட் ஷெமான்ஸ்கி 1948இல் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கி, 1964இல் 40 வயதில் நான்காவதை வாங்கினார். 1978 எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் நம் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வென்றார். 56 கிலோ பிரிவில் தமிழ்ச்செல்வனுக்கு வெள்ளி. தங்கத்தைத் தட்டிப் போனவர் பிரெஷியஸ் மெக்கென்சி, வயது 42. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அல்லாதவருக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில் அங்கிருந்து வெளியேறி, முதலில் இங்கிலாந்துக்காகவும் பிறகு நியூசிலாந்துக்காகவும் தூக்கியவர். 1966இலிருந்து அது அவருக்குத் தொடர்ந்து நான்காவது காமன்வெல்த் தங்கம். மணிப்பூரின் குஞ்சராணி தேவி 2006இல் மெல்பர்னில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது வயது 38.

இவர்கள் எல்லாரும் எடை குறைந்த பிரிவுக்காரர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம், ஷெமான்ஸ்கி கனத்த ஆள்.

மீராபாய் சானுவின் எண்களைப் பாருங்கள். 2017 உலக சாம்பியன்: 194 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி: 202. 2024 பாரிஸில், தன் 30ஆவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு, 199. வெண்கலம் ஒரே கிலோவில் போயிற்று. 2025 உலகப் போட்டியில் மறுபடி 199, வெள்ளி. எட்டு வருடத்தில் இந்த நான்கு எண்களும் எட்டு கிலோ வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன. நடுவில் 2018இல் கீழ்முதுகு வலியால் ஆசியப் போட்டியே போயிற்று. 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போய், முன்னாள் பளுதூக்கும் வீரரும் இயன்முறை சிகிச்சையாளருமான ஆரன் ஹோர்ஷிக்கிடம் தோளும் முதுகும் சமமில்லாமல் இயங்குவதைச் சரிசெய்துகொண்டார். அடுத்த ஏப்ரலில் தாஷ்கண்டில் க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ, உலக சாதனை. உச்சிக்குப் போய்விட்ட பிறகு பயிற்சியின் பெரும்பகுதி பழுது பார்ப்பதுதான். கூடுவது போனஸ்.

பழுது பார்ப்பதிலும் நாண் விசித்திரமான பேர்வழி. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் தன் குதிகால் நாண்வலிக்கு அறுவை சிகிச்சை கேட்டார். அதற்குரிய அளவு மோசமாக இல்லை என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். சரி, மோசமாக்கிக் காட்டுகிறேன் என்று படியில் முன்பாதத்தால் நின்று, வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிச் சுமை ஏற்றினார். வலி போய்விட்டது! 1998இல் 15 பேருக்கு 12 வாரம் இதையே கொடுத்துப் பார்த்து எழுதினார். அன்றிலிருந்து நாண்வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தில்லை, அளவான கனமும் மெதுவான அசைவும்தான் மருந்து என்று ஆயிற்று. செல்களை இழுத்தால்தான் அவை கொலாஜனைக் கட்டும். சும்மா விட்டால் சும்மாவே இருக்கும்.

எனக்கு இது அனுபவப் பாடம். நாற்பதைத் தாண்டி ஜிம்முக்குப் போன ஆர்வக்கோளாறில் மூன்றே மாதத்தில் எடையை ஏற்றி, ரயில் நிலையப் படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே ஊசி குத்தும் நிலைக்கு வந்தேன். ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போதுதான். தாம்பரத்தில் ஒரு இயன்முறை சிகிச்சையாளர் பார்த்துவிட்டு, “சார், தசைக்கு மூணு மாசம் கொடுத்தீங்க, நாணுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?” என்று கேட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, முக்கால் நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து தடவை. இரண்டு வாரத்தில் வலி பாதியானது. எடையை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர ஒன்பது மாதம் பிடித்தது.

தன் ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள் என்று பையன் சொன்னான். உருண்டைக் கல், பிடிக்க ஒரு முனை கிடையாது. முட்டிக்கு ஏற்றி, மார்பில் உருட்டி, தோளுக்குத் தள்ளிப் பின்னால் போட வேண்டும். போன வருடம் இவனால் முழங்காலைத் தாண்ட முடியவில்லையாம். ஜிம்முக்கு வந்ததற்கே அதுதான் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. வருடத்துக்கு ஒரு நாள் தூக்குகிற கல்லுக்கு வருடம் முழுக்கத் தயாராக வேண்டும் என்று பழைய காலத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இறவைக் கிணறும் வயலும் பார்த்துக்கொண்டன. நாளெல்லாம் நாற்காலியில் இருக்கிறவனுக்கு அந்த அடிப்படை இல்லை.

“அப்ப நான் என்னதாண்ணே பண்ண?” என்றான்.

60லேயே மூன்று வாரம் இரு, பிறகு ஒரு கிலோ ஏற்று என்றேன். 2005இலிருந்து சர்வதேசப் போட்டியிலும் குறைந்தபட்சம் ஒரு கிலோ ஏற்றினால் போதும், அதற்கு முன்பு இரண்டரை. அவன் தட்டு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போய்த் தேடினான். எங்கள் ஜிம்மில் இருப்பதிலேயே சின்னத் தட்டு இரண்டரை கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஐந்து. சதீஷ் இரண்டு வருடத்தில் கூட்டிய ஒரு கிலோவை எடுத்துவைக்க அங்கே தட்டே இல்லை.

பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டியாஸ் கதையைச் சொன்னேன். 2020 ஊரடங்கில் மலேசியாவில் மாட்டிக்கொண்டபோது மூங்கில் கழியில் தண்ணீர்க் கேன்களை மாட்டித் தூக்கிப் பழகியவர். அடுத்த வருடம், தன் நான்காவது ஒலிம்பிக்கில், நாட்டுக்கே முதல் தங்கத்தை வாங்கித் தந்தார்.

மூன்று வாரம் கழித்து, பொங்கல் முடிந்து, தென்மாவட்டத்துப் பஸ்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு போனேன். பையன் ஸ்குவாட் ரேக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “மார்பு வரைக்கும் வந்துச்சுண்ணே.” பாரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் துணிக்கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிம் மாஸ்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவன் காதில் வாங்காமல் பாருக்குக் கீழே குனிந்தான்.